வாத்திடம் கேட்ட கேள்வி

ஜனவரி 2, வியாழன்

லேபுக்கு மருந்து சப்ளை செய்யும் கம்பெனிக்காரர் புது வருசத்துக்கு டைரி கொடுத்தார். முதல் பக்கத்தில் பெயர், ரத்த வகை, தொழில் கேட்டிருந்தார்கள். சம்பூர்ணம், ஓ பாசிட்டிவ், ரத்தம் எடுப்பவள் என்று எழுதினேன். எடுத்துப் படிக்கிறவர்கள் கொஞ்சம் பயந்துகொள்ளட்டும்.

தாராபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இந்த லேபில் எனக்கு இருபத்து மூன்று வருசம். ஒரே குத்து என்றால் சம்பூர்ணம் என்று ஊரில் பேர். பிறந்த குழந்தையாக இருந்தாலும் சரி, நரம்பு வற்றிப்போன கிழவியாக இருந்தாலும் சரி, இரண்டாவது தடவை ஊசி போட மாட்டேன். தற்பெருமைதான். என் டைரியில் நான் அடிக்காமல் யார் அடிப்பார்கள்?

இன்று கோகிலவாணி டீச்சர் வந்தார். மார்பில் கட்டி எடுத்து, கோயமுத்தூரில் கீமோ நடக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு கீமோவுக்கும் முன்னால், இங்கே ரத்தம் கொடுத்து அணுக்கள் எத்தனை என்று பார்க்க வேண்டும். மருந்து ஏறி ஏறி நரம்பெல்லாம் சுருங்கிக் கிடக்கிறது. "உங்க கைன்னா நான் கண்ண மூடவே வேண்டியதில்லைங்க" என்றார். ஒரே குத்தில் எடுத்துவிட்டேன். உள்ளே போகும்போது ஊசி கொஞ்சம் ஆடியது. காலையில் நான் வெறும் வயிற்றோடு வந்ததுதான் காரணம்.

கையெழுத்து கோணலாக விழுகிறது. கம்பெனிக்காரர் கொடுத்த பேனா அப்படி.

ஜனவரி 6, திங்கள்

எங்கள் வீட்டில் காலைக் காப்பி அவர் போடுவது. அவர் என்றால் என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து. பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணி எத்தனை நிமிசத்துக்கு வந்தது, எப்போது கிளம்பியது என்று நாளெல்லாம் நோட்டில் குறிக்கிற வேலை. கண்டக்டர்களிடம் கத்தியே அன்றைக்கான பேச்சு தீர்ந்துவிடும் போல. வீட்டுக்கு வந்தால் வாயில் பூட்டு. மகளைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பிய பிறகு வீட்டில் பேசுகிற ஆள் நான் ஒருத்திதான்.

ஒரு மாதமாகக் காப்பியைப் பாதி டம்ளர்தான் ஊற்றுகிறார்.

"ஏனுங், பால் பத்தலீங்ளா?"

"குடி புள்ள. மறுக்கா ஊத்தறேன்."

பாதி பாதியாக இரண்டு தடவை எதற்கு? வயசாக ஆகக் கஞ்சத்தனம் வருகிறது.

ஜனவரி 9, வியாழன்

இன்று பத்தொன்பது பேர். எல்லாருக்கும் ஒரே குத்து, ஒருவரைத் தவிர. அந்த ஆளுக்கு நரம்பே கிடையாது.

ஜனவரி 12, ஞாயிறு

டம்ளர்களையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டு, கைப்பிடி வைத்த இரண்டு பெரிய எவர்சில்வர் கப் வாங்கி வந்திருக்கிறார். தூக்கினால் அம்மிக் குழவி கனம்.

"இதெதுக்குங்?"

"சூடு தாங்கும்."

குடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூடச் சேலையில் சிந்தவில்லை. நல்ல பொருள்தான். அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மகள் வரவில்லை, போனில் பேசினாள். பொங்கல் பானையை நான் தொடுவதற்குள் அவரே தூக்கி அடுப்பில் வைத்துவிட்டார். இத்தனை வருசத்தில் இல்லாத பாசம்.

ஜனவரி 16, வியாழன்

இன்று ஒரு கூத்து. பீரோவைத் திறந்தால் என் ஜாக்கெட் நான்கைக் காணோம். கேட்டால், தையற்கடையில் கொடுத்திருக்கிறாராம். ஊக்கையெல்லாம் எடுத்துவிட்டு அமுக்குகிற பட்டன் வைக்கச் சொன்னாராம். "ஊக்கு துருப்புடிச்சிருந்துச்சு" என்கிறார். பொண்டாட்டி ஜாக்கெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டெய்லர் கடைக்குப் போன டைம் கீப்பர் தமிழ்நாட்டிலேயே இவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

சாயங்காலம் லேபில் கூட்டம் குறைந்தபோது, தெரிந்தவர் ஒருவருக்காக ஒரு விசயம் பார்க்க வேண்டியிருந்தது. போனில் அந்தப் பெரிய தேடுகிற பெட்டியைத் தொட்டேன். அதற்குப் பெரியவர் என்று பெயர் வைத்திருக்கிறேன். உலகமே அவரிடம்தானே போய்க் கேட்கிறது. தொட்டதும் பழைய கேள்விகள் பட்டியலாகக் கீழே விழுந்தன. என்னுடையவை ஐந்தாறு. நடுநடுவே நான் கேட்காதவை: 'கனமான கைப்பிடி கப்', 'ஜாக்கெட் ஊக்குக்குப் பதில் பட்டன்', 'ரீட்ரெட் டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடும்'.

டயர் எனக்கு எதற்கு? நான் என்ன லாரியா ஓட்டுகிறேன்?

ஜனவரி 17, வெள்ளி

ரஹ்மத்திடம் காட்டினேன். லேபில் நானும் அவளும்தான். நான் ரத்தம் எடுப்பேன், அவள் மெஷின் ஓட்டி ரிப்போர்ட் அடிப்பாள். கூட்டம் அதிகமானால் அவளும் ஊசி பிடிப்பாள். முப்பது வயசுகூட ஆகவில்லை. அந்த மூளை எனக்கு இருந்திருந்தால் நான் இந்த லேபையே வாங்கியிருப்பேன்.

பட்டியலைப் பார்த்ததும் கேட்டாள். "அக்கா, இந்தப் போன் எங்க வாங்குனீங்க? அண்ணனுக்கும் அங்கியேதானா?"

தீபாவளிக்கு இரண்டு பேருக்கும் ஒன்றாக வாங்கினோம். கடைக்காரர் "மெயில் ஐடி இருக்குங்களா?" என்று கேட்டார். அவருக்குப் பஸ் கம்பெனிக்காக ஒன்று இருந்தது. அதையே இரண்டு போனிலும் போட்டுக் கொடுத்துவிட்டார். குடும்பத்துக்கு ஒரு ரேசன் கார்டு மாதிரி குடும்பத்துக்கு ஒரு ஐடி என்று நாங்களும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

ரஹ்மத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ரேசன் கார்டு இல்லக்கா இது. நீங்க என்ன தேடுனாலும் அண்ணன் போன்ல வந்து நிக்கும். அவரு தேடறது உங்களுக்கு வரும். ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு அது நெனச்சுக்கிட்டு இருக்குது."

போனைக் கவிழ்த்து வைத்தேன். நவம்பரிலிருந்து நான் கேட்டதெல்லாம் அவர் போனில் இருக்கிறது. அந்தத் தெரிந்தவருக்காகக் கேட்டதெல்லாம்.

அப்புறம் நிதானமாக யோசித்தேன். அவர் எழுதித் தேடுகிறவர் இல்லை. மைக்கை அமுக்கி, வண்டி வந்ததைக் கூவுகிற மாதிரி சத்தமாகச் சொல்லித்தான் தேடுவார். கீழே விழுகிற பட்டியலை எங்கே பார்க்கப் போகிறார்? கிரிக்கெட் ஸ்கோரைத் தவிர அவர் கண்ணுக்குப் போனில் எதுவும் தெரியாது. பார்த்திருக்க மாட்டார். நிச்சயமாகப் பார்த்திருக்க மாட்டார்.

நான் யார் ரிப்போர்ட்டையும் கவர் ஒட்டாமல் கொடுத்ததில்லை. உண்டாகியிருக்கிறாளா இல்லையா என்று மருமகளுக்குத் தெரிவதற்கு முன்னால் மாமியார் எட்டிப் பார்த்தால், காகிதத்தைத் திருப்பிப் பிடித்துக்கொள்வேன். எத்தனை பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். என் சொந்த விசயம் மட்டும் கவர் ஒட்டாமல் இரண்டு மாதமாக வீட்டுக்குள்ளே கிடந்திருக்கிறது.

ஜனவரி 20, திங்கள்

"கவர் ஒட்டித் தேடற மாதிரி ஒண்ணு கெடையாதா?" என்று ரஹ்மத்தைக் கேட்டேன். யாருக்கு, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அவள். அதற்காகவே அவளைக் கும்பிடலாம்.

"இருக்குக்கா. நான் ரெண்டு வருசமா அதுலதான் தேடறேன்" என்று போனை நீட்டினாள். ஒரு வாத்துப் படம். டக்டக்கோ என்று பேர். பேரைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். இன்னொன்று ஸ்டார்ட்பேஜ்.

"வாத்து நீங்க கேட்டத உங்க பேருல எழுதி வெக்காது. இந்த இன்னொண்ணு இருக்குதே, அது பெரியவருகிட்டயே போயிக் கேட்டுட்டு வந்து சொல்லும். ஆனா யாரு கேட்டாங்கன்னு அவருகிட்டச் சொல்லாது."

சட்டென்று புரிந்தது. சில பரிசோதனைகளுக்கு ட்யூபில் ஆள் பெயர் எழுத மாட்டோம். எண் மட்டும் போட்டுப் பெரிய லேபுக்கு அனுப்புவோம். அவர்கள் எண்ணுக்குப் பதில் எழுதி அனுப்புவார்கள். அந்த எண் யார் என்பது எங்கள் நோட்டுக்கு மட்டும்தான் தெரியும். இப்படி ஒரு ஏற்பாடு தேடுவதற்கும் யாரோ செய்து வைத்திருக்கிறார்கள். முகம் தெரியாத அந்தப் புண்ணியவான்கள் மேல் மரியாதை வந்தது.

ஆனால் சொன்னதும் நம்பிவிடுகிற ஆள் நான் இல்லை. தினமும் காலையில் மெஷினில் முதலில் விடை தெரிந்த ரத்தத்தை ஓட்டிப் பார்ப்போம். அது சரியான எண்ணைக் காட்டினால்தான் ஆட்களின் ரத்தத்தை அதற்குள் விடுவோம். இதற்கும் அதையே செய்யப் போகிறேன்.

ஜனவரி 21, செவ்வாய்

விடை தெரிந்த கேள்வி நான்கு தயார் செய்தேன். பெண்ணுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்க வேண்டும், டெங்குவில் எந்த அணு குறையும், சர்க்கரைக்குச் சாப்பிட்டு எத்தனை மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும், தாராபுரத்திலிருந்து கோயமுத்தூர் எத்தனை கிலோமீட்டர். பெரியவர், வாத்து, மற்றது என்று மூன்றிலும், தமிழில் ஒருமுறை இங்கிலீசில் ஒருமுறை.

இங்கிலீசில் மூன்றுமே பாஸ். தமிழில் வாத்து கொஞ்சம் திக்கியது. டெங்கு கேட்டால் பப்பாளி இலைச் சாறு வீடியோவாகக் கொண்டுவந்து கொட்டியது. பெரியவரும் அதையேதான் கொட்டினார், ஆனால் நடுவில் உருப்படியாக இரண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் இருந்தது. ஸ்டார்ட்பேஜ் தமிழிலும் தடுமாறவில்லை.

தீர்ப்பு: அன்றாடத்துக்கு வாத்து. தமிழில் கேட்க மற்றது. ரஹ்மத் என் சோதனை ரிப்போர்ட்டைப் பார்த்து "அக்கா, இப்படி யாருமே சோதிச்சிருக்க மாட்டாங்க" என்றாள். புகழ்ச்சி எனக்குப் பிடிக்கும்.

எச்சரிக்கையும் செய்தாள். "கேக்கறத மட்டுந்தாங்க்கா அது மறைக்கும். நீங்க உள்ள போயிப் படிக்கற பக்கத்துக்காரங்க அவங்க பாட்டுக்குக் குறிச்சு வெப்பாங்க. கண்ட எடத்துல பேரு, நம்பரு குடுத்துராதீங்க." வாத்தின் ஆப்பையே தனியாக ஏற்றிக் கொடுத்தாள். பழைய ஐடிக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாதாம்.

அதில் ஒரு நெருப்புப் படம் இருக்கிறது. அமுக்கினால் திரையெல்லாம் தீப்பிடித்து, தேடியது அத்தனையும் போய்விடுகிறது. சும்மாவே நாலு தடவை அமுக்கிப் பார்த்தேன்.

ஜனவரி 23, வியாழன்

இரண்டு குத்து.

கோகிலவாணி டீச்சருக்கு. முதல் குத்தில் ஊசி நரம்பை விட்டு வெளியே போய்விட்டது. "என்ற நரம்புதானுங்க ஒளிஞ்சுக்குது, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார். அவர் போகும்போது முழங்கைக்கு உள்பக்கம் நீலம் பாய்ந்திருந்தது. கீமோ எடுக்கிற உடம்பில் சின்னக் காயம்கூடச் சுலபத்தில் ஆறாது. அவர் நரம்பு எங்கேயும் ஒளியவில்லை. அதை நான் சொல்லவில்லை.

மறுபடி பிப்ரவரி 13 அன்று வருவார்.

ஜனவரி 27, திங்கள்

வாத்திடம் பதினோரு கேள்வி. தெரிந்தவருக்காக. முடித்ததும் நெருப்பு.

ஜனவரி 30, வியாழன்

"ஏம் புள்ள, போன் நல்லா வேல செய்யுதா?" என்று அவர் கேட்டார்.

"செய்யுதுங். ஏனுங்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

அவர் போனில் ஏதோ கோளாறு போல. கையில் வைத்துக்கொண்டு தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறார், கீழே வைக்கிறார், மறுபடி எடுக்கிறார். கிரிக்கெட் எதுவும் நடக்கவில்லை, பேப்பரில் பார்த்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

தெரிந்தவர், தெரிந்தவர் என்று எழுதி எழுதி எனக்கே சிரிப்பு வருகிறது. சரி, எழுதிவிடுகிறேன்.

என் வலது கை நடுங்குகிறது.

சும்மா இருக்கும்போது இல்லை. எதையாவது பிடிக்கப் போனால். பேனா, கரண்டி, சாவி, ஊசி. ஊசி பிடிக்கும்போது மூச்சை அடக்கி, மணிக்கட்டை நாற்காலிக் கையில் அழுத்தி, எப்படியோ பதினெட்டு பேருக்கு ஓட்டிவிடுகிறேன். பத்தொன்பதாவது ஆளுக்கு நரம்பில்லை என்று டைரியில் எழுதுகிறேன்.

என்னென்னவோ படித்துவிட்டேன். ஒரு பக்கம் தைராய்டாக இருக்கலாம் என்கிறது. தைராய்டு நானே பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது. ஒரு பக்கம் குடும்பத்தில் வருகிற சாதாரண நடுக்கம் என்கிறது. இன்னொரு பக்கம் சொல்கிற வியாதியின் பெயரை எழுத எனக்குத் தைரியம் இல்லை. வாத்து எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டுகிறது. அது யாரிடமும் சொல்லாது, சரி. எனக்கு எது என்றும் அதனால் சொல்ல முடியாது.

பயமாக இருக்கிறது. ஊசி இல்லாத சம்பூர்ணம் யார் என்று எனக்கே தெரியாது.

பிப்ரவரி 6, வியாழன்

மறுபடி கேட்டார். "போன்ல டேட்டா இருக்குதா புள்ள?"

இருக்கிறது என்றேன். நான் சொன்னதில் அவருக்குத் திருப்தி இல்லை. சாப்பிடும்போது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். இன்றைக்கு ரசம் சாதத்தை அவரே பிசைந்து என் தட்டில் வைத்தார். சின்னப் பிள்ளையா நான் என்று சிடுசிடுத்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

கோயமுத்தூரில் நரம்பு டாக்டர் ஒருத்தரை வாத்து மூலமாகவே கண்டுபிடித்தேன். போன் செய்து நேரம் வாங்கியாயிற்று, வரும் திங்கள் பதினோரு மணிக்கு. வீட்டில் லேப் ட்ரெயினிங் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நடுவில் வியாழக்கிழமை இருக்கிறது. டீச்சர் வருகிற வியாழன்.

பிப்ரவரி 12, புதன்

நாளைக்கு மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்துவிடலாம். ஒருவேளை முடியும்.

ஒருவேளை என்று சொல்லிக்கொண்டு இதுவரை நான் யார் உடம்பிலும் ஊசி வைத்ததில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

டீச்சர் வந்து உட்கார்ந்து, கையை நீட்டி, வழக்கம் போல என் முகத்தையே பார்த்தார். சிரிஞ்சை எடுத்தேன். அதன் நுனி ஆடியது. டீச்சர் பார்த்தார், நானும் பார்த்தேன்.

ரஹ்மத்தைக் கூப்பிட்டேன்.

"டீச்சர், என்ற கை கொஞ்ச நாளா சரியில்லீங்க. போன தடவ உங்களுக்கு நீலம் பாஞ்சது என்னால. உங்க நரம்பு மேல தப்பில்லீங்க. இன்னிக்கு இந்தப் புள்ள எடுக்கட்டும். நரம்ப நான் காட்டறேன்."

இருபத்து மூன்று வருசத்தில் இப்படி ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததில்லை. டீச்சர் நீட்டிய கையை மடக்காமல் ரஹ்மத் பக்கம் திருப்பினார். பிறகு "உங்களுக்கு யாருங்க பாக்கறாங்க?" என்று கேட்டார். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தது மாதிரி என் கண் நிறைந்துவிட்டது. திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று அவரிடம்தான் முதலில் சொன்னேன்.

இடது கை விரல் நடுங்கவில்லை. அதைக் கொண்டு தடவி, மணிக்கட்டுக்கு மேலே ஒரு நரம்பைக் கண்டுபிடித்தேன். ரஹ்மத் ஊசியைச் சாய்த்து, ஒரு கண் சிமிட்டலில் போட்டாள். ட்யூபில் ரத்தம் ஏறியது. ஒரே குத்து. எத்தனை அழகாகப் போட்டாள்! நான் போட்டிருந்தால்கூட அவ்வளவு சந்தோசப்பட்டிருப்பேனா தெரியவில்லை.

லேப் முதலாளியிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். டாக்டர் சொல்கிறவரை ஊசி ரஹ்மத்திடம், மெஷின் என்னிடம். அவர் அதற்கு மேல் கிளறவில்லை.

பாத்ரூமில் போய்க் கொஞ்சம் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து மீதி ரிப்போர்ட் கவர்களை ஒட்டினேன்.

பிப்ரவரி 17, திங்கள்

நிறைய எழுத வேண்டும். பேனாவை விரலோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், எட்டு ஐந்து கோயமுத்தூர் வண்டியில் அவர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து சீட்டில் துண்டு போட்டிருந்தார்.

"நீங்க எங்கீங்?"

"கோயமுத்தூர்ல ஒரு சோலி."

இத்தனை வருசத்தில் டியூட்டி நாளில் அவருக்குக் கோயமுத்தூரில் சோலி இருந்ததில்லை. எட்டு ஐந்து வண்டியில் ட்ரெயினிங்குக்குப் போகிறேன் என்று நேற்றே வீட்டில் சொல்லியிருந்தேன், அதையே மறுபடியும் சொன்னேன். சரி என்றார். பல்லடம் தாண்டியதும் என் மடியில், மேலே தைராய்டு என்று எழுதியிருந்த கவரைக் காட்டினார். "ட்ரெயினிங்குக்குத் தைராய்டு ரிப்போர்ட்டெல்லாம் எதுக்கு புள்ள? டாக்டரு பேரென்ன?"

சொன்னேன். அவ்வளவுதான். சூலூர் வரைக்கும் இரண்டு பேரும் சன்னலையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

டாக்டர் என் மகள் வயசுப் பெண். கையை நீட்டச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், ஒரு கப்பிலிருந்து இன்னொரு கப்புக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். காகிதத்தில் சுருள் வரையச் சொன்னார். என் சுருள் கொசுவர்த்தியை மிதித்த மாதிரி இருந்தது.

"எப்ப இருந்தும்மா இப்படி?"

"ரெண்டு மாசமா இருக்குங்க" என்றேன்.

"இல்லீங்க டாக்டர்" என்றார் அவர். "நவம்பர் பதினெட்டுங்க. திங்கக்கிழம, மத்தியானம் ரெண்டு பத்து."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். நானும்தான்.

"அன்னிக்குத்தான் கை நடுக்கம்னு மொதல்ல தேடுனா. அதுக்கு அப்பறம் எட்டு நாளு ஒண்ணுமில்ல. இருபத்தி ஏழுல இருந்து தெனமும். டிசம்பர்ல ஒரு நாளைக்கு ஏழு தடவ. என்ற போன்ல வந்துச்சுங்க." சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து டாக்டரிடம் கொடுத்தார். வண்டி நேரம் குறிக்கிற நோட்டு. அதில் நான் காப்பி சிந்திய நாட்கள், சாவி போட முடியாமல் திண்டாடிய நாட்கள், எதுவுமே ஆடாமல் நன்றாக இருந்த நாட்கள் எல்லாம் இருந்தன. "ஜனவரி இருபத்தி ரெண்டுல இருந்து அவ தேடுனது மட்டும் வரலீங்க. அது எப்படி நின்னுச்சுன்னு எனக்குத் தெரியல."

டாக்டர் அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார். இவ்வளவு விவரத்தோடு யாரும் வந்ததில்லை என்றார். நான் பயந்த வியாதிக்கான அறிகுறி எதுவும் இப்போதைக்குத் தெரியவில்லை, வேலை செய்யும்போது மட்டும் வருகிற நடுக்கமாகத்தான் தோன்றுகிறது, ஒரு ஸ்கேன் எடுத்து உறுதி செய்துகொள்ளலாம் என்றார். மாத்திரை கொடுத்தார். குறையும், ஆனால் முழுக்கப் போய்விடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். லேபில் ஊசி பிடிப்பது இப்போதைக்கு வேண்டாமாம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

திரும்பி வரும்போது பஸ்ஸில் பேசியதை நேற்று எழுத முடியவில்லை. கை ஓய்ந்துவிட்டது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் பட்டியலை மூன்று மாதமாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாரே. அதையே கேட்டேன்.

"மொத நாளு தானா கண்ணுல பட்டுச்சு" என்றார். "அப்பறம் நானாத்தான் பாத்தேன். தப்புதான்."

"பாத்துட்டு ஏனுங் ஒரு வார்த்த கேக்கல?"

"நீ சொல்லலியே. நீ சொல்லாதத நான் எப்படிக் கேக்கறது?"

பாதி டம்ளர் காப்பியும் கனமான கப்பும் ஜாக்கெட் பட்டனும் அப்போதுதான் எனக்கு வரிசையாக உறைத்தன. மக்கு நான். அத்தனை நாளும் கஞ்சன் என்று எழுதிக்கொண்டிருந்தேன். பஸ் என்றும் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் அவராகவே ஆரம்பித்தார். "தேடறது நின்னு போச்சு பாரு, அதுதான் புள்ள தாங்க முடியல. நல்லாயிருச்சோன்னு பாத்தா, கப்புல காப்பி ஆடுது. சொல்றதுக்கு ஆளில்லாம, தேடறதையும் உட்டுட்டயோன்னு நெனச்சேன். வண்டியே வராத ஸ்டாண்டுல நோட்ட வெச்சுட்டு உக்காந்திருக்கற மாதிரி இருந்துச்சு."

வாத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். அதனிடம் மட்டுமே கேட்ட அந்த இருபத்தாறு நாளும் எனக்கு எத்தனை நிம்மதியாக இருந்தது என்றும் சொன்னேன். ஒரு மனுசி தன் பயத்தை முதலில் தானே தனியாக உட்கார்ந்து பார்க்க ஒரு இடம் வேண்டும். அது இல்லாமல் நான் டாக்டருக்குப் போன் செய்திருக்கவே மாட்டேன். டீச்சரிடம் வாய் திறந்திருக்கவும் மாட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தலையாட்டினார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஸ்கேன் ரிப்போர்ட் நேற்று வந்தது. டாக்டர் நினைத்தது மாதிரிதான், பெரிதாக ஒன்றுமில்லை. கவரை நான்தான் பிரித்தேன். அவர் வேண்டுமென்றே கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டிருந்தார். நான் கூப்பிட்ட பிறகுதான் வந்தார்.

இன்று எனக்குத் தனி ஐடி போட்டாயிற்று. ரஹ்மத் போனிலேயே சொல்லச் சொல்ல நானே செய்தேன். முடிந்ததும் அவர் தன் போனையும் நீட்டினார்.

"எனக்கும் அந்த வாத்தப் போட்டுக் குடு."

"உங்களுக்கு எதுக்குங்? மறைக்க என்ன இருக்குது?"

"உனக்கு ஒரு சாமான் வாங்கறதுக்குத் தேடுனா உனக்கே தெரிஞ்சு போயிருது. என்ன மருவாதி அது?"

சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தேன். மைக்கை அமுக்கி வாத்திடம் கத்திப் பார்த்தார். நெருப்பை அமுக்கிப் பார்த்தார். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இருபத்தாறு நாளு வாத்துகிட்ட என்ன கேட்ட? இஷ்டமிருந்தா சொல்லு. இல்லாட்டி உட்டுரு."

அவர் அப்படிக் கேட்டதால்தான் என்னால் சொல்ல முடிந்தது. மாத்திரை, ஆபரேசன், எந்த டாக்டர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் கேட்டது அதைத்தான். இந்த டைரியில்கூட நான் எழுதவில்லை. எட்டு நாள், தமிழிலும் இங்கிலீசிலும் மாற்றி மாற்றிக் கேட்டு, ஒவ்வொரு தடவையும் நெருப்பை அமுக்கினேன்.

"கை நடுங்கறவங்க கூடக் குடும்பம் நடத்தறவங்களுக்கு ஒரு கட்டத்துல சலிச்சுப் போயிருமான்னு" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். இத்தனை வருசத்தில் அவர் கண் கலங்கி நான் பார்த்தது மகள் கல்யாணத்தில் ஒரு தடவை. இது இரண்டாவது.

"அதுக்கு எதுக்கு புள்ள வாத்து? அத என்னையத்தான கேக்கோணும்."

கேட்டேன். எதிரே உட்கார்ந்து, வாய்விட்டு, முழுசாகக் கேட்டேன். பேசாத மனுசன் பதில் சொன்னார். நிறையச் சொன்னார்.

என்ன சொன்னார் என்பதை இந்த டைரியில் எழுதப் போவதில்லை.